மூன்று காணிக்கு ஒரு கிணறு: சிறுநகரக் காதல் நாவல் இயங்கும் விதம்

ஒரு சிறிய ஊர். இரண்டு குடும்பங்களுக்கு இடையே பழைய பகை. அந்தப் பகைக்குப் பின்னால் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம். நடுவில் ஒரு காதல். இப்படி அமைந்த நாவல்களை நம் ஊரில் நிறையப் பேர் வாசிக்கிறார்கள். ஆனால் பேச்சு வந்தால், "கடைசியில எப்பிடியும் சேர்ந்திடுவினம், அதுக்குள்ள என்ன கிடக்கு?" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். விரும்பி வாசித்தவர்களுக்கும் ஏன் பிடித்தது என்று சொல்ல வருவதில்லை.

எழுதத் தொடங்குபவர்களிடம் இந்தக் குழப்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். பனை, ஒழுங்கை, கோயில் திருவிழா என்று பின்னணியை வரைவார்கள். இளம் வயது இருவரைக் கொண்டுவருவார்கள். பெற்றோரைக் கொடியவர்கள் ஆக்குவார்கள். பாதி நாவல் போனதும் ஒரு பழைய ட்ரங்குப்பெட்டி திறக்கும். திறந்த பிறகும் கதை இருந்த இடத்திலேயே நிற்கும்.

ஏன் அப்படி ஆகிறது, நன்றாக வந்த நாவலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். இலக்கியக் கோட்பாடு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

எதை என்னவென்று சொல்கிறோம்

முதலில் காதல் நாவல். காதல் வருகிற எல்லாக் கதையும் காதல் நாவல் ஆகாது. அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இதற்கு இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறது: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். காதலர் இறந்துபோகும் கதை பெரிய இலக்கியமாக இருக்கலாம். ஆனால் அது வேறு வகை. அதாவது, முடிவு தெரிந்திருப்பது இந்த வகையின் குறை இல்லை. வாசகருக்கும் எழுத்தாளருக்கும் இடையே முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாடு. வாசகர் "சேர்வார்களா?" என்று கேட்டுக்கொண்டு வாசிப்பதில்லை. "இவ்வளவு தடைக்குள் எப்படிச் சேர முடியும், அதற்கு யார் எதை விட்டுக்கொடுக்க வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டுதான் வாசிக்கிறார்.

சிறுநகரம் என்றால் சனத்தொகைக் கணக்கு இல்லை. ஒருவருக்கொருவர் அந்நியராக இருக்க முடியாத இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுன்னாகமோ நெல்லியடியோ சாவகச்சேரியோ, "நீ ஆற்ற பிள்ளை?" என்ற கேள்வி முதலில் வருகிற இடம்.

பழைய மர்மம் என்பதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. துப்பறியும் நாவலில் குற்றம் புதியது. விசாரிப்பவர் பெரும்பாலும் வெளியாள். "யார் செய்தது?" என்பதே கேள்வி. இங்கே விஷயம் நடந்து ஒரு தலைமுறையோ இரண்டோ கடந்திருக்கும். கொலை நடந்திருக்கவே தேவையில்லை. செய்தவர் இறந்துபோயிருக்கலாம். கேள்வியும் வேறு: "இவ்வளவு காலம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

சுருக்கமாக, முடிவு தெரிந்த காதல், அந்நியம் இல்லாத ஊர், மௌனத்தால் காக்கப்பட்ட பழைய விஷயம். இவற்றோடு குடும்பப் பகை. இனி இவை எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்போம்.

பங்குக் கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் நமக்குத் தண்ணீர். அதனால் கிணறும் கிணற்றில் பங்கும் சொத்தின் பகுதி. பழைய காணி உறுதி ஒன்றை எடுத்துப் பார்த்தால், காணியின் எல்லைகளைச் சொன்ன பிறகு கிணற்றில் இவ்வளவு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று எழுதியிருக்கும். ஒரு கிணற்றில் பங்குள்ள மூன்று காணிக்கும் வேலி தனித்தனி, பயிர் தனித்தனி, இறைக்கும் முறைநாளும் தனித்தனி. தண்ணீர் மட்டும் ஒன்று. ஒருவர் கூட இறைத்தால் மற்ற இருவருக்கும் மட்டம் இறங்கும்.

இந்த நாவலின் மூன்று இழைகளும் அப்படித்தான். காதல், குடும்பப் பகை, பழைய மர்மம் மூன்றுக்கும் ஊற்று ஒன்றாக இருக்க வேண்டும். மர்மத்தில் நடந்ததுதான் பகையின் காரணம். பகைதான் காதலுக்குத் தடை. காதல்தான் மர்மத்தைத் தோண்டத் தூண்டுகிறது. சரிவராத நாவல் மூன்று கிணறு வெட்டியிருக்கும்: ஒரு காதல், அதோடு தொடர்பில்லாத ஒரு சீதனச் சண்டை, அதோடும் தொடர்பில்லாத ஒரு புதையல்.

ஒரு நாவலை வாசித்து முடித்தபின் இதைச் சோதிப்பது எளிது. மர்மத்தை முழுதாக எடுத்துவிட்டால் காதல் கதை மாறாமல் நிற்கிறதா என்று யோசியுங்கள். நின்றால், அந்த மர்மம் அலங்காரம். காதலை எடுத்துவிட்டாலும் மர்மம் அவிழும் என்றால், அந்தக் காதல் அலங்காரம்.

ஊர் செய்கிற வேலை

ஊரைப் பின்னணிப் படமாக மட்டும் பயன்படுத்துவது பெரிய வீண். இந்த வகைக் கதையில் ஊர் ஒரு வேலை செய்கிறது: யாருக்கு எது எப்போது தெரியும் என்பதை அது தீர்மானிக்கிறது.

தமிழ் இதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நுணுக்கமாகப் பார்த்து வைத்திருக்கிறது. சங்க அகப்பாடல்களில் காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சுக்கு இரண்டு படி உண்டு. சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். பலரும் அறிய வெளிப்படையாகப் பேசுவது அலர். அம்பல் நிலையில் காதலர் மறைக்கலாம். அலர் ஆனபிறகு ஏதாவது செய்தே ஆக வேண்டும். வீட்டுக்கு அதைச் சொல்லும் முறைக்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலித்தாயிடம், செவிலி பெற்ற தாயிடம், தாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். உண்மை ஒரே தாவலில் போகாமல் ஒவ்வொருவராகக் கடந்து போகிறது. ஒவ்வொரு படியிலும் அதைக் கேட்பவர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இன்றைய நாவலாசிரியருக்கு இதைவிடத் தெளிவான வரைபடம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

இன்று அந்தப் படிகள் வேறு இடங்களில் இருக்கின்றன. சங்கக்கடை வாசல், வாசிகசாலை, கோயில் வீதி, காலையில் ரவுணுக்குப் போகும் மினிபஸ். அதோடு ஊரின் ஒரு பங்கு இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறது. ஒழுங்கையில் இருவர் நின்று கதைத்த செய்தி அடுத்த வீட்டுக்குப் போகும் முன் கனடாவில் இருக்கும் பெரியத்தைக்குப் போய், அங்கிருந்து தாய்க்குத் தொலைபேசியில் திரும்பி வரும். வெளிநாட்டு உறவைக் காசு அனுப்புபவராக மட்டும் காட்டும் கதைகள் இந்த ஓட்டத்தைத் தவறவிடுகின்றன. 80களிலும் 90களிலும் போனவர்களுக்கு அந்தக் கால ஊர் அப்படியே நினைவில் இருக்கிறது. இங்கே இருப்பவர்கள் மறந்துவிட்ட ஒரு பெயரை அவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். மர்மக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

பகைக்கு இரண்டு பக்கமும் உண்மை வேண்டும்

குடும்பப் பகை என்றால் கெட்ட அப்பா என்று எழுதுவது சுலபம். ஆனால் கெட்டவரை ஒதுக்கிவிட்டால் பகை முடிந்துவிடும்; அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது. நீண்டகாலம் நிற்கும் பகையில் இரு வீட்டுக்கும் கையில் ஒரு பாதி உண்மை இருக்கும். தங்கள் பக்கம் நியாயம் என்று இருவரும் மனதார நம்புவார்கள்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பாதி உண்மை பெரும்பாலும் ஒரு காணி உறுதியில் கிடக்கும். ஏன் என்று புரிய, தேசவழமையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்காறுகளைத் தொகுத்த சட்டம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், திசாவையாக (ஒல்லாந்த நிர்வாக அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அதை எழுத்தில் கொண்டுவந்தார். 12 முதலியார்கள் பார்த்துச் சரி சொன்னார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அது சொத்தை வழி பார்த்துப் பிரிக்கிறது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். மகளுக்குக் கலியாணத்தின்போது எழுதிக் கொடுப்பது சீதனம். சட்டப்படி அது அவளுடைய சொத்து. கலியாணத்துக்குப் பிறகு கணவன் மனைவி உழைத்துச் சேர்ப்பது தேடியதேட்டம். இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. கூட்டுப் பங்காளிகளுக்கும் வாரிசாக வரக்கூடியவர்களுக்கும், காணியைப் பிறருக்கு விற்குமுன் தங்களிடம் கேட்க வேண்டும் என்ற உரிமையும் உண்டு.

இதையெல்லாம் சட்டப் பாடமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு விதிக்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. கணவன் கையெழுத்து வைக்க மறுத்தால்? அண்ணனுக்குச் சொல்லாமல் தம்பி விற்றால்? அக்காவுக்குச் சீதனமாகப் போன வளவுதான் தங்கைக்கும் வாயால் சொல்லி வைத்த வளவு என்றால்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் காணிப் பிரச்சினை என்று வெளியே சொல்லப்படும் பகைக்குள் பல தடவை சாதி இருக்கிறது. இந்த ஊர்க் கிணறுகளில் தண்ணீர் அள்ள விடப்படாதவர்கள் இருந்தார்கள். மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைய அவர்கள் 1968இல் போராட வேண்டியிருந்தது. இரண்டு வீட்டின் கலியாணத் தடையை எழுதிக்கொண்டு சாதியைத் தொடாமல் போகும் நாவல், ஊரை அழகாகக் காட்டுவதற்காக ஊரைப் பற்றிப் பொய் சொல்கிறது. எவ்வளவு திறமையாக எழுதியிருந்தாலும் எனக்கு அதில் மனம் ஒட்டாது.

ஒரு மாதிரிக் கதை

இனி மூன்று இழையையும் சேர்த்துப் பார்க்க ஒரு கதையை உருவாக்குவோம். இடம் வலிகாமத்தில் ஒரு செம்மண் ஊர். பக்கத்துப் பக்கத்தில் வடக்கு வீடு, தெற்கு வீடு. நடுவில் ஒரு மாந்தோப்பு வளவு, இப்போது வடக்கு வீட்டாரிடம். தெற்கு வீடு சொல்வது: "அது எங்கட காணி. கஷ்டத்தில ஈட்டுக்கு வைச்சதை ஏமாத்தி எழுதி எடுத்துப்போட்டாங்கள்." வடக்கு வீடு சொல்வது: "காசு குடுத்து வாங்கினது. அறுதி உறுதி கிடக்கு." ஈடு என்றால் கடனைத் தீர்த்தால் காணி திரும்பும். அறுதி என்றால் விற்றது விற்றதுதான்.

உண்மையில் நடந்தது என்ன? தெற்கு வீட்டு அப்பப்பாவுக்கு 50களில் தென்னிலங்கையில் கடை இருந்தது. 1958 மே கலவரத்தில் கடை எரிந்தது. கொழும்பிலிருந்து அகதிகளைக் காங்கேசன்துறைக்குக் கப்பலில் கொண்டுவந்தார்களே, அதில் அவரும் வந்தார். கடைக்குச் சரக்குக் கடன் கொடுத்தவர்கள் காணிமேல் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம். வடக்கு வீட்டுக்காரர் அவருடைய நண்பர். அவரே சொன்னார்: "என்ர பேருக்கு அறுதியா எழுது. கடன்காரர் ஒண்டும் செய்யேலாது. நிலைமை சரிவந்தாப் பிறகு திருப்பி எழுதித் தாறன்." ஒரு வெறும் தாளில் வாக்குறுதியும் எழுதிக் கொடுத்தார். பிறகு நண்பர் இறந்துவிட்டார்.

இங்கே ஒரு சட்ட விஷயம் கதையைத் தாங்குகிறது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி காணிக் கைமாற்றம் செல்ல வேண்டுமானால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். ஆகவே அறுதி உறுதிக்கு வலு உண்டு. அந்த வெறும் தாளுக்கு இல்லை. தாளும் 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது.

ஆனால் தாள் தொலைந்தது மர்மம் இல்லை. பத்திரம் தொலைந்ததை மட்டும் வைத்து எழுதும் நாவல் பத்திரம் கிடைத்ததும் முடிந்துவிடும். தெற்கு வீட்டுக் கிழவர் ஏன் தன் பிள்ளைகளுக்கே முழுக்கதையைச் சொல்லவில்லை? சொன்னால், கடன்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் காணியை ஒளித்தவர் என்று ஆகும். கடன்காரர்களும் இதே ஊர்க்காரர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போதும் கோயிலில் முகம் பார்க்கிறார்கள். வடக்கு வீட்டு அப்பம்மா ஏன் சொல்லவில்லை? சொன்னால், இறந்துபோன கணவர் கள்ள உறுதிக்கு உடந்தை என்று ஆகும். அதற்குள் பேத்தியின் சீதனப் பேச்சில் அந்த வளவும் சேர்ந்துவிட்டது.

இதுதான் இந்த வகையின் நடுப்புள்ளி: உண்மை இரு வீட்டுக்கும் வெட்கம் தர வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் வெட்கம் என்றால் மற்ற வீடு எப்போதோ ஊர் முழுக்கச் சொல்லியிருக்கும். இருவருக்கும் வெட்கம் என்பதால்தான் அரை நூற்றாண்டு தாண்டியும் மூடியிருக்கிறது.

காதல் இல்லாமல் ஏன் அவிழாது

இப்போது பேரப்பிள்ளைகளைக் கொண்டுவருவோம். வடக்கு வீட்டுப் பெண் கொழும்பில் வேலை செய்தவள். 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அந்த வருடக் கடைசியில் அதில் ஊர் திரும்புகிறாள். கண்ணில் புரை விழுந்த அப்பம்மாவுக்கு அவள்தான் பழைய கணக்குக் கொப்பிகளை வாசித்துக் காட்டுகிறாள். அதில் வருடா வருடம் ஒரு வரி தனியாக இருக்கிறது: "தெற்கு வளவு, கறுத்தக்கொழும்பான் காசு." சொந்தக் காணியின் மாங்காய்க் காசை ஏன் மற்ற வீட்டுப் பெயரில் தனியாக எழுதி வைக்க வேண்டும்? கொப்பி மட்டும் இருந்தால் அவளுக்கு விளங்காது.

தெற்கு வீட்டுப் பெடியனிடம் வேறொரு துண்டு இருக்கிறது. கனடாவில் இருக்கும் அப்பாவின் அத்தை ஒருநாள் பேச்சோடு பேச்சாக, 58இல் கடன்காரர் ஒருவர் படலையடியில் வந்து நின்று சத்தம் போட்டதைச் சொல்கிறார். அதற்கும் மாந்தோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குத் தெரியாது.

இரண்டு துண்டும் ஒரு மேசையில் வந்தால்தான் உருவம் தெரியும். யார் கொண்டுவருவார்? சட்டத்தரணி கேட்டால் அப்பம்மா கொப்பியை எடுக்க மாட்டார். விதானையார் வந்து கேட்டால் அத்தை வாய் திறக்க மாட்டார். வெளியாளுக்கு இரு வீடும் தங்கள் பாதியை மட்டும் அழுத்திச் சொல்லும். வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே, கேட்காமலே, தங்களுக்கு எதிரான துண்டும் கிடைக்கும். அப்படிக் கிடைத்ததை எதிர்வீட்டுப் பிள்ளையிடம் காட்ட ஒரு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கைக்குத்தான் இங்கே காதல் என்று பெயர்.

ஆகவே இந்த வகை நாவலில் காதல் ஒரு பக்கமும் துப்பு ஒரு பக்கமுமாக ஓடுவதில்லை. காதல்தான் துப்புக் கருவி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

தடயம் வருகிற வரிசை

கடந்தகாலத்தைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லும் பொருளோ பேச்சோ தடயம். இந்த வகையில் தடயத்துக்கு இரட்டை வேலை: பழையதில் ஒன்றைத் திறக்க வேண்டும்; இன்றைய இருவரின் நிலையையும் மாற்ற வேண்டும்.

நம் கதையில் முதல் தடயம் இருவரையும் பேச வைக்கலாம்: "அந்த மாங்காய் எங்கட வீட்டுக்குள்ள வராது" என்று அவன் சொல்லும் ஒரு வசனம் போதும். கணக்குக் கொப்பி அவர்களை நெருக்கமாக்கும், ஏனென்றால் அவள் தன் வீட்டுக்குப் பாதகமானதை அவனிடம் காட்டுகிறாள். அடுத்து வருவது பிரிக்க வேண்டும். நொத்தாரிசு எழுதும் உறுதியின் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும் அல்லவா? அதை எடுத்துப் பார்த்தால், சாட்சிக் கையெழுத்து தெற்கு வீட்டு அப்பப்பாவின் சொந்தத் தம்பியுடையது. அப்படியென்றால் ஏமாற்றி எழுதியது என்ற கதை எப்படி நிற்கும்? அவள் வீட்டார் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வென்றுவிட்டதாகக் கொண்டாடுவார்கள். அவனுக்கு அவள் வேண்டுமென்றே தேடி எடுத்ததாகத் தோன்றும். தடயம் உண்மைதான், ஆனால் பாதி.

பழைய காலத்தையும் இன்றையதையும் மாறி மாறிச் சொல்வதை இரட்டைக் காலக் கதைசொல்லல் என்கிறோம். பலரும் அதை விரும்பிச் செய்கிறார்கள். தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 1958ஐ நேரே காட்டிவிட்டால் வாசகருக்கு உண்மை முன்பே தெரிந்துவிடும். பிறகு காதலர் தேடுவதை அவர் காத்திருந்து பார்க்க வேண்டியதாகிவிடும். கொப்பியும் உறுதியும் கிழவரின் வாயும் வழியாக மட்டும் பழைய காலம் வந்தால் போதும்.

இதுவரை: பகைக்கு இரு பாதி உண்மை, மௌனத்துக்கு இரு பக்க வெட்கம், பாதிகளைச் சேர்க்கக் காதல், சேரும் ஒவ்வொரு படியிலும் காதலுக்கு ஒரு விலை.

எல்லா மௌனமும் மர்மம் இல்லை

இங்கே நின்று ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இந்த மண்ணில் விடை கிடைக்காத கேள்விகள் ஏராளம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மார் 2017 முதல் தெருவோரத்தில் தொடர்ந்து போராடுகிறார்கள். அவர்கள் மௌனமாக இல்லை. கேட்க வேண்டியவர்கள்தான் பதில் சொல்லவில்லை. அதை ஒரு காதல் நாவலின் முடிச்சாக வைத்து, கடைசி அத்தியாயத்தில் அவிழ்த்து, மேளம் கொட்டி முடிப்பது அந்தத் தாய்மாருக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

போரை எழுதக்கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வலிகாமத்தில் எழுதும் எவரும் 1995ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த இரவு எதை எடுத்துக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தபோது வீட்டில் என்ன இருந்தது என்பது ஒவ்வொரு குடும்பத்தின் கதையிலும் இருக்கும். ஆனால் மனநிறைவான முடிவு தருவதாக வாசகருக்கு வாக்குக் கொடுத்த நாவல், தன்னால் உண்மையாகவே முடித்துவைக்கக்கூடிய முடிச்சைத்தான் எடுக்க வேண்டும். காணி அப்படிப்பட்டது. திருப்பி எழுதிக் கொடுக்கலாம்.

சேர்வது எப்படி

முடிவுக்கு வருவோம். நம் கதையில் உண்மை தெரிந்துவிட்டது. தெற்கு வீட்டு அப்பப்பா 80 கடந்து உயிரோடு இருக்கிறார். இப்போது மிக இலகுவான தீர்வு ஒன்று கண்முன்னால் இருக்கும்: மாந்தோப்பைப் பெண்ணுக்குச் சீதனமாக எழுதிவிட்டால், கலியாணத்தோடு காணி தெற்கு வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு வீடும் சந்தோசம், நாவல் முடிந்தது. பல நாவல்கள் இங்கேதான் முடிகின்றன.

எனக்கு இது போதாது. சட்டப்படி சீதனம் பெண்ணின் சொத்து. காணி தெற்கு வீட்டுக்கு வரவில்லை, மருமகளோடு வந்து நிற்கிறது. அதைவிடப் பெரிய குறை, வடக்கு வீடு தவறை ஒத்துக்கொள்ளாமலே தானம் கொடுத்தவர்களாகிவிடும். கிழவர் இத்தனை வருடம் காத்திருந்தது காணிக்காக மட்டும் இல்லை. அது தன்னுடையது என்று அந்த வீடு வாய்விட்டுச் சொல்வதற்காக. அவருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது: அன்று தன் கடன்காரருக்குக் கொடுக்காமல் விட்டது.

ஆகவே வரிசை முக்கியம். கலியாணப் பேச்சு எழுவதற்கு முன்பே காணி கிழவரின் பெயருக்குத் திரும்பி எழுதப்பட வேண்டும். பேத்தி அதற்காகத் தன் அப்பாவோடு நிற்க வேண்டும். அதனால் தனக்கு வரவிருந்த சீதன வளவை இழக்க வேண்டும். பெடியன் தன் அப்பப்பாவைக் கூட்டிக்கொண்டு கடன்காரரின் பேரப்பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும். இருவரும் தங்கள் தங்கள் வீட்டில் விலை கொடுத்தபின், சாதகம் பார்க்கத் தரகர் வரலாம். அவர் வரும் அத்தியாயத்தை வேண்டுமானால் மிகச் சுருக்கமாக எழுதலாம், ஏனென்றால் வாசகருக்கு அது முன்பே தெரியும். நொத்தாரிசு கந்தோரில் இந்த முறை சாட்சிகளாக யார் இருவர் கையெழுத்து வைக்கிறார்கள் என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.